ஊர்கள் இணைந்தன, பெயர்கள் என்ன ஆயின?



உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். மேலே ‘காஞ்சிபுரம் மாநகராட்சி’ என்று இருக்கும். செவிலிமேட்டிலோ ஓரிக்கையிலோ பல தலைமுறையாக இருப்பவர்களிடம் பழைய ரசீது இருந்தால், அதில் வேறு பெயர் இருக்கும்.

நம் நகராட்சி 1866-ல் அமைந்தது. பாலாற்றங்கரைச் செவிலிமேடு அப்போது அதில் சேரவில்லை. பின்னாளில் அது தனிப் பேரூராட்சியாக இருந்தது. 2011-ல் செவிலிமேடு பேரூராட்சியும் ஓரிக்கை, நத்தப்பேட்டை உள்ளிட்ட ஊராட்சிகளும் நகராட்சியோடு இணைக்கப்பட்டன. 2021-ல் நகராட்சியே மாநகராட்சி ஆனது. 2022 பிப்ரவரியில் நாம் ஓட்டுப் போட்டது அதன் முதல் தேர்தலுக்கு. இன்று அந்த ஊர்கள் அரசுக் காகிதத்தில் வார்டு எண்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் நடந்ததல்ல. ஜெர்மனியில் வுப்பர் என்ற ஆற்றின் கரையிலும் நெசவு ஊர்கள் இருந்தன. எல்பர்ஃபெல்டும் பார்மெனும் 1527-லேயே நூல் வெளுக்கும் தனி உரிமை பெற்றவை. பார்மென் நாடாவும் ரிப்பனும் நெய்தது. சாயம் தயாரிக்கும் பேயர் நிறுவனம் 1863-ல் அங்கேதான் தொடங்கியது. 1929-ல் இவ்விரண்டையும் ரோன்ஸ்டார்ஃப், குரோனன்பெர்க், ஃபோவிங்கல் ஆகிய சிறு நகரங்களையும் அரசு ஒன்றாக்கியது. எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று, 1930-ல் ஆற்றின் பெயரால் ‘வுப்பர்டால்’ எனப் பெயர் வைத்தார்கள். வுப்பர் பள்ளத்தாக்கு என்று பொருள்.

அரசு ஒரே ஆணையில் செய்ததைக் கால்பந்துக் குழுக்கள் அவ்வளவு சுலபமாகச் செய்யவில்லை. 25 ஆண்டுகள் கழித்து, 1954-ல்தான், ஃபோவிங்கல் குழுவும் இன்னொரு குழுவும் சேர்ந்து வுப்பர்டாலர் எஸ்.வி. உருவானது. அது 1972 முதல் 1975 வரை முதல் நிலை லீக்கில் ஆடியது. அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் நான்காம் நிலையில்தான். அதற்கும் கீழான நிலைகளில் ஆடும் குரோனன்பெர்க், ரோன்ஸ்டார்ஃப் குழுக்களோ இன்றும் பழைய ஊர்ப் பெயரையே வைத்திருக்கின்றன. நகராட்சி போய் 90 ஆண்டுக்கு மேல் ஆகியும், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள்.

இணைப்பே தவறு என்று சொல்லவில்லை. குடிநீர், பாதாளச் சாக்கடை, குப்பை எல்லாம் சிறு ஊராட்சியால் தனியாகச் சமாளிக்கக் கூடியவை அல்ல. வேகவதியைச் சுத்தமாக்குவதும் ஒரு வார்டின் வேலையல்ல. ஆனால் பெயரைக் காப்பது அலுவலகத்தின் வேலையல்ல; அது ஊர்க்காரர்களின் வேலை.

செவிலிமேட்டுக்கு அந்த வேலையைச் செய்வது ராமானுஜர் வரதராஜப் பெருமாளுக்குத் தினமும் நீர் எடுத்ததாகச் சொல்லப்படும் சாலைக் கிணறு. பிள்ளையார்பாளையத்துக்கு அதன் தறிகள். அடுக்குமாடியில் குடியேறிய நமக்கு என்ன இருக்கிறது? பில்டர் வைத்த பெயர்தான்.

ஆகவே மூன்று சிறு வேண்டுகோள்கள். முகவரி எழுதும்போது பழைய ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பழைய வரி ரசீது, புகைப்படம் இருந்தால் சங்க அலுவலகத்தில் காட்டுங்கள். நகல் எடுத்துத் திருப்பித் தருவோம். அடுத்த முறை நம் பிள்ளைகள் டீம் அமைக்கும்போது, ஜெர்சியில் பிளாக் எண்ணுக்குப் பதில் ஊர்ப் பெயரைப் போடச் சொல்லுங்கள். ஏன் அந்தப் பெயர் என்று அவர்கள் கேட்பார்கள். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.