சமாசனத்திலிருந்து முன்பள்ளி வரை: பாலர் வகுப்பின் நூறு ஆண்டுகள்

எமது பழைய மாணவியர் சங்கம் நூறாவது ஆண்டை நிறைவு செய்யும் இவ்வேளையில், இம்மலரின் ஏனைய பக்கங்கள் எமது அதிபர்களையும் ஆசிரியைகளையும், எழுந்த கட்டடங்களையும் வென்ற கிண்ணங்களையும் நினைவுகூர்கின்றன. நாம் இக்கட்டுரைக்கு எடுத்துக்கொண்டது பாலர் வகுப்பை. மணலில் ‘அ’ எழுதப் பழகும் வயதில் ஒரு பிள்ளை வேறொன்றையும் பழகிக்கொள்கிறாள். தான் எங்கே இருக்கலாம், யாருக்குப் பக்கத்தில் இருக்கலாம், யார் குடித்த பேணியில் தண்ணீர் குடிக்கலாம் என்பவற்றை அவளுக்கு எந்தப் புத்தகமும் சொல்லிக்கொடுப்பதில்லை. வகுப்பறையின் ஒழுங்கே அதைச் சொல்லிவிடுகிறது. யாழ்ப்பாணத்துப் பாலர் கல்வியின் வரலாற்றை இந்த எழுதப்படாத பாடத்தின் வரலாறாகவும் பார்க்கலாம்.

வாங்கும் நிலமும்

குடாநாட்டின் பெண் கல்வி பற்றிப் பேசும் எவரும் 1824இல் இருந்து தொடங்குவர். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையை ஆரம்பித்த ஆண்டு அது. பெண் பிள்ளைக்கு எழுத்தறிவு எதற்கு என்று ஊர் கேட்ட காலம். படிப்பை முடிக்கும் பெண்ணுக்குச் சீதனம் தருவோம் என்று மிஷன் வாக்களித்தே பெற்றோரை இணங்கவைக்க வேண்டியிருந்தது. அதன்பின் வேம்படியும் சுண்டிக்குளியும் வந்தன. 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவினார். நூறு ஆண்டுகளுக்குள், பெண் என்பதால் இருந்த தடை பெருமளவு தளர்ந்தது.

ஆனால் எல்லாப் பெண்களுக்கும் அது ஒரே வேகத்தில் தளரவில்லை. ஒடுக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகள் பல கிராமப் பாடசாலைகளில் சேர்க்கப்படவே இல்லை. சேர்க்கப்பட்ட இடங்களிலும் மற்றவர்கள் வாங்கில் இருக்க, இவர்கள் நிலத்தில் இருந்தார்கள். கிணற்றில் தாமாகத் தண்ணீர் அள்ள முடியாது. யாராவது ஊற்ற, கையை ஏந்திக் குடிக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை வாங்கில் ஏறி இருந்தால் ‘இறங்கு’ என்பார்கள். ஏன் என்று அவள் கேட்டிருந்தால் எந்த ஆசிரியரிடமும் பதில் இருந்திராது. நிலத்தில் இருந்த பிள்ளை தன்னைச் சிறியவளாக எண்ணப் பழகினாள். வாங்கில் இருந்த பிள்ளையும் அதே அறையில், அதே நாளில், தான் பெரியவள் என்று பழகினாள். பாரபட்சம் இரு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒருமிக்கவே பழுதாக்கியது.

சமாசனம், சமபோசனம்

எமது சங்கம் தோன்றிய காலத்தில்தான் இந்த ஒழுங்கை வெளிப்படையாகக் கேள்வி கேட்கும் குரலும் எழுந்தது. 1924இல் உருவான மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் அதன் முன்னணியில் நின்றனர். தேசிய விடுதலையும் தாய்மொழிக் கல்வியும் தீண்டாமை ஒழிப்பும் அவர்களுக்கு ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியாதவை. அவர்களின் அழைப்பை ஏற்று 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள், இங்கேயும் தீண்டாமையைக் கண்டித்துப் பேசினார்.

சமாசனம், சமபோசனம் என்ற இரு சொற்கள் அக்காலத்தில் ஊரெங்கும் வாதப்பொருளாகின. ஒரே வரிசையில் இருத்தல், ஒரே பந்தியில் உண்ணல் என்பதே அவற்றின் பொருள். அரச நன்கொடை பெறும் பாடசாலைகளில் பிள்ளைகளைச் சமமாக இருத்த வேண்டும் என்று கல்வித் திணைக்களம் வலியுறுத்தியபோது எதிர்ப்பு வெடித்தது. சில பெற்றோர் பிள்ளைகளை மறித்தார்கள். அரசாங்கத்துக்கு மனுக்கள் போயின. 1930ஐ ஒட்டிய காலத்தில் சில பாடசாலைகளுக்குத் தீயும் வைக்கப்பட்டது. ஒரு வாங்குக்காகவா இவ்வளவும் என்று இன்று தோன்றலாம். எதிர்த்தவர்களுக்கு அதன் பெறுமதி நன்றாகத் தெரிந்திருந்தது. பாலர் வகுப்பில் ஒன்றாக இருந்தவர்களைப் பின்னர் கோயிலிலும் தேநீர்க் கடையிலும் பிரித்து நிறுத்துவது கடினம். அந்த அச்சம் காரணமற்றதல்ல என்பதை அடுத்துவந்த நாற்பது ஆண்டுகளின் ஆலயப் பிரவேச, தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்கள் காட்டின.

சட்டம் திறந்த கதவு

அடுத்த தடை பணம். ஆங்கிலம் கற்பித்த பாடசாலைகளில் கட்டணம் அறவிடப்பட்டது. சுயமொழிப் பாடசாலைகள் இலவசமாயினும் அவற்றில் படித்தவர்களுக்கு உயர் தொழில்களின் வாசல் பெரும்பாலும் மூடியே இருந்தது. கல்வி மந்திரியாக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னின்று நடைமுறைப்படுத்திய இலவசக் கல்வி 1945இல் இதனை மாற்றியது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை என்பது அத்திட்டத்தின் அடிப்படை. தொடக்கம் பாலர் வகுப்பு என்பதை நாம் இங்கே அடிக்கோடிட விரும்புகிறோம். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதி காரணமாகப் பாடசாலை அனுமதியை மறுப்பதைக் குற்றமாக்கியது.

இவை எளிதில் கிடைத்தவை அல்ல. இவற்றால்தான், தாய் எழுத்தறியாத வீட்டிலிருந்து வந்த ஒரு பெண் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆக முடிந்தது.

எனினும் ஓர் இடைவெளி தங்கிவிட்டது. 1998இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி ஒழுங்குவிதி ஐந்து வயதிலிருந்தே தொடங்குகிறது. மூன்று முதல் ஐந்து வயது வரையான முன்பள்ளிப் பருவம் இன்றும் பெரும்பாலும் இலவசக் கல்விக்கு வெளியே நிற்கிறது. தனியார், சமய நிறுவனங்கள், கிராம அமைப்புகள் என்று ஆளுக்கொரு விதமாக முன்பள்ளிகள் நடக்கின்றன. வசதியுள்ள பிள்ளைக்கு ஒரு முன்பள்ளி, வசதியற்ற பிள்ளைக்கு வேறொன்று. மலையகத் தோட்டங்களிலோ, தாய் கொழுந்து பறித்து வரும்வரை பிள்ளையை வைத்திருக்கும் இடமாகவே பிள்ளை மடுவம் நெடுங்காலம் கருதப்பட்டது.

மனம் உருவாகும் வயது

இந்த இடைவெளி ஏன் பாரதூரமானது? அமெரிக்காவில் கெனத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதியர் 1940களில் மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டினர். எது நல்ல பொம்மை, எது கூடாத பொம்மை என்று கேட்டனர். கறுப்பினப் பிள்ளைகளிலேயே பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றனர். பாடசாலைகளில் இனப் பிரிவினை சட்டவிரோதமானது என 1954இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இத்தகைய ஆய்வுகளும் அதன் கவனத்தில் இருந்தன. பிள்ளைக்கு இவை ஒன்றும் விளங்காது என்ற எமது வழமையான ஆறுதல் சரியல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எமது பாலர் வகுப்புகளில் பொம்மைகளை வைத்துக் கேட்க வேண்டியதில்லை. கலைவிழாவில் சரஸ்வதியாகவும் ஒளி விழாவில் தேவதையாகவும் வேடமிடத் தெரிவாகும் பிள்ளையின் நிறத்தைப் பார்த்தாலே போதும். ‘கறுப்பி’ என்று செல்லமாக அழைப்பதிலும் ஓர் அளவுகோல் ஒளிந்திருக்கிறது. 1977இன் வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வடக்கில் வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், தமது பேச்சு வழக்குக்காகவே வகுப்பில் சிரிக்கப்பட்டனர். 1990 ஒக்ரோபரில் முஸ்லிம் மக்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாணத்து வகுப்பறைகளிலும் இடங்கள் வெறுமையாகின. அதன்பின் இங்கே பிறந்த பிள்ளைகள் பலர் முஸ்லிம் தோழியோ சிங்களத் தோழியோ இல்லாமலே வளர்ந்தனர். காது கேளாத, நடக்க இயலாத பிள்ளையை ‘அதற்கென்று வேறு பாடசாலை இருக்கிறது’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் வழக்கமும் முற்றாக ஒழியவில்லை.

கடல் கடந்தபின்

1983 யூலைக்குப் பின் எம்மிற் பலர் இலண்டன், ரொறன்ரோ, மெல்போண், ஒஸ்லோ என்று சிதறினோம். அங்கே எமது பிள்ளைகள், அந்நாட்டு மொழி தெரியாமல், நிறத்தாலும் பெயராலும் வேறுபட்டு, முன்பள்ளியின் மூலையில் நின்றார்கள். பிள்ளையின் பெயரைச் சுருக்காமல் சொல்லும் ஆசிரியைக்காக, அவளது சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்து மூக்கைச் சுழிக்காத தோழிக்காகத் தாய்மார் ஏங்கினார்கள். அவர்கள் கேட்டதும் சமாசனமும் சமபோசனமுமே. யாழ்ப்பாணத்து வாங்கில் எந்தப் பக்கத்தில் இருந்த குடும்பமாயினும், கடல் கடந்தபின் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான். அந்த அனுபவம் எமக்குத் தந்த அறிவை ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது எமது கடமை.

மண்டபத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் அள்ளி வழங்கிய சங்கம் இது. இரண்டாவது நூற்றாண்டில் எமது கண் முன்பள்ளியின் பக்கமும் திரும்பட்டும். முன்பள்ளி ஆசிரியைகளுக்கு நல்ல பயிற்சியும் வாழ்வதற்குப் போதுமான வேதனமும் வேண்டும். எல்லா நிறத்துப் பிள்ளைகளும், எல்லாச் சமயத்து வீடுகளும், சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையும் வருகின்ற தமிழ்ப் படப் புத்தகங்கள் வேண்டும். அனுமதிப் படிவம், தகப்பனின் தொழிலையும் ஊரின் பகுதியையும் துருவாததாக இருக்க வேண்டும். இவற்றுக்குப் பெருந்தொகை தேவையில்லை.

நூறு ஆண்டுகளுக்கு முன் வாங்கில் இடம் கேட்டு வந்த சிறுமிகளின் பெயர்கள் எந்த மலரிலும் அச்சாகவில்லை. அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனை, இனி எமது பாலர் வகுப்பு வாசலுக்கு வரும் பிள்ளைகளை வரவேற்பதன் மூலமே தீர்க்க முடியும். கல்லூரி அன்னையின் புகழ் அவர்களாலும் ஓங்குக.