காசில் யாருடைய உருவம்?



நம் ஊரின் பெயரிலேயே வெள்ளி இருக்கிறது. இன்று ஒரு வெள்ளிக்காசைப் பற்றிச் சிந்திப்போம்.

1842-ஆம் ஆண்டு, கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 500-க்கும் மேற்பட்ட உரோமை வெள்ளிக்காசுகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. பெரும்பாலானவை அகுஸ்து, திபேரியு என்னும் பேரரசர்களின் காசுகள். நம் நாட்டு மிளகுக்கும் முத்துக்கும் மணிக்கற்களுக்கும் விலையாகக் கடல் கடந்து வந்த பணம் அது.

திபேரியுவின் தெனாரியத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். எடை ஏறக்குறைய 4 கிராம். ஒரு பக்கம் இலைமாலை சூடிய பேரரசரின் தலை. சுற்றிலும், 'தெய்வமாகிய அகுஸ்துவின் மகன்' என்னும் பொருள் தரும் எழுத்துகள். மறுபக்கம், செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் பெண். அமைதித் தேவதையின் கோலத்தில் பேரரசரின் தாய் லிவியா என்பர் பலர். உரோமையரின் பழைய காசுகளில் தெய்வங்களின் உருவங்களே இருந்தன. கி.மு. 44-இல் யூலியு சீசர் உயிரோடிருந்தபோதே அவர் முகம் காசில் ஏறியது. பிறகு மனிதனே தெய்வமானான்.

நம் முன்னோர் அந்தத் தெய்வப் பட்டத்துக்கு விலை கொடுக்கவில்லை. வெள்ளிக்கும் பொன்னுக்குமே கொடுத்தார்கள். 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த உரோமைப் பொற்காசுகள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகம் உளியால் வெட்டுப்பட்டிருக்கிறது. முகம் சிதைந்தும் பொன் பொன்னாகவே இருந்தது.

வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் ஆண்டவர் காட்டச் சொன்னது இத்தகைய தெனாரியத்தைத்தான். இதில் இருப்பது யாருடைய உருவம் என்று கேட்டார். சீசருடையதைச் சீசருக்கே கொடுத்துவிடச் சொன்னார். அப்படியானால் கடவுளுக்கு உரியது எது? அவருடைய உருவம் எதில் இருக்கிறது? தொடக்கநூல் சொல்கிறது: மனிதரில்.

அதே தெனாரியம்தான் திராட்சைத் தோட்ட உவமையில் ஒரு தொழிலாளியின் ஒருநாள் கூலி. கூலியின் அருமை நமக்குத் தெரியும். கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. அவர்களுக்குக் கட்டிய வரியையும் கூலியில்லாமல் செய்த வேலையையும் நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டாலே சொல்வார்கள். இன்றும் முன்பணம் வாங்கிக்கொண்டு வெளியூர் வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. கடனைக் காட்டி அவர்களையே சொந்தமாக்கிக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமையில்லை. காசு சீசருடையது, ஆள் கடவுளுடையவர்.

நம் தோட்டத்தில் வேலை செய்பவரிடம் நாமும் அப்படித்தான் நடக்கிறோமா? இந்த வாரம் கூலி எண்ணிக் கொடுக்கும்போது, காசில் உள்ள உருவத்தைப் பார்த்துவிட்டு, அதை வாங்கும் முகத்தையும் பார்ப்போம். அங்கே இறைவனின் உருவத்தைக் காணும் அருளை அவர் நமக்குத் தருவாராக. ஆமென்.