ஏசிசி 1992: கரடிகள் போட்ட கணக்கும் காளைகள் கொண்டுவந்த பணமும்

"இந்த ஷேர் ஓவரா ஏறிடுச்சு சார், ஷார்ட் போடலாமா?"

மும்பையில் வங்கி வேலை பார்க்கும் தமிழனிடம் இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. நான் படித்தது பி.காம், செய்வது கடன் பிரிவு வேலை. ஆனாலும் வங்கிக்காரனுக்கு தலால் தெருவும் அத்துப்படி என்று நம்மாட்களுக்கு ஒரு நம்பிக்கை! டிப்ஸ் கொடுக்கிற வழக்கம் எனக்கில்லை. கேட்பவர்களுக்கு ஏசிசி கதையைச் சொல்வேன். இன்று உங்களுக்கும்.

முதலில் ஷார்ட் என்றால் என்ன? கையில் இல்லாத பங்கை இன்றைய விலைக்கு விற்பது, விலை இறங்கியதும் வாங்கிக் கொடுத்துக் கணக்கை முடிப்பது. இறங்கினால் லாபம், ஏறினால் நஷ்டம். இப்படி விற்பவர்கள் கரடிகள், ஏறும் என்று வாங்குபவர்கள் காளைகள்.

ஏசிசி லேசுப்பட்ட கம்பெனி இல்லை. 1936-இல் பத்து சிமெண்ட் கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்து உருவானது. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மதுக்கரை ஆலை என்றால் உடனே விளங்கும். 1989-இல் சிமெண்ட் விலைக் கட்டுப்பாடு முழுதாக நீங்கியது. 1991-இல் மன்மோகன் சிங்கின் சீர்திருத்தம் வந்தது. இனி நாடு முழுக்கக் கட்டடமும் சாலையுமாக எழும்பும், சிமெண்டுக்கு நல்ல காலம்தான் என்று சந்தை நினைத்ததில் தப்பே இல்லை.

ஆனால் எவ்வளவு நல்ல காலம்? 1991-இல் சில நூறு ரூபாயில் கிடந்த பங்கு, 1992-இல் சுமார் 9,000 ரூபாய்க்குப் போனது.

இதற்கு ஹர்ஷத் மேத்தா ஒரு தத்துவம் வைத்திருந்தார். இதே அளவு ஆலைகளை இன்றைக்குப் புதிதாகக் கட்ட எத்தனை கோடி ஆகும்? கம்பெனியின் மதிப்பும் அவ்வளவு இருக்க வேண்டும், அதோடு ஒப்பிட்டால் பங்கு இன்னும் மலிவுதான் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கரடிகள் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களுக்குத் தலைவர் மனு மாணேக், சந்தையில் 'கருநாகம்' என்றே பெயர். பழைய ஆலை புது ஆலை ஆகுமா? சம்பாதிக்கிற லாபத்துக்கும் இந்த விலைக்கும் என்ன சம்பந்தம்? இதுதான் அவர்கள் கட்சி.

கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் என் ஓட்டு கரடிகளுக்கே. கடன் கேட்டு வருகிறவர் கட்டடத்தைக் காட்டுவார், மெஷினைக் காட்டுவார். நாங்கள் பார்ப்பது மாதாமாதம் எவ்வளவு பணம் வரும் என்பதை. தவணையைக் கட்டுவது வருமானம்தானே, கட்டடமா கட்டும்?

ஆக, கரடிகளின் கணக்கு சரி. அப்படியிருந்தும் அவர்கள் நடுத்தெருவுக்கு வரப் பார்த்தார்கள். ஏன்?

அன்றைய முறை அப்படி. பதினான்கு நாளுக்கு ஒரு முறை கணக்கு முடிப்பார்கள். முடிக்க முடியாதவர்கள் அடுத்த தவணைக்குத் தள்ளிப் போடலாம். இதற்குப் பெயர் பத்லா. சாதாரணமாக வாங்கியவர் வட்டி கொடுப்பார். பங்குக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டால் தலைகீழ். விற்றவர் கொடுக்க வேண்டும். அதற்கு 'உந்தா பத்லா' என்று பெயர்.

ஒரு கற்பனைக் கணக்கு. 3,000 ரூபாய்க்கு 100 பங்கு ஷார்ட் போட்டீர்கள். விலை 6,000 ஆனால் நஷ்டம் 3 லட்சம். 9,000 ஆனால் 6 லட்சம். வாங்கியவனுக்குப் போட்ட முதலோடு போச்சு. விற்றவனின் நஷ்டத்துக்கு உச்சவரம்பே கிடையாது. கம்பெனியின் மதிப்பு பற்றி அவர் சொன்னது சரியாகவே இருக்கட்டும், அன்றைக்குப் பணம் கட்டியே தீர வேண்டும்.

சென்செக்ஸ் 1992 ஜனவரி 15-இல் 2,000, பட்ஜெட் நாளான பிப்ரவரி 29-இல் 3,000, மார்ச் 30-இல் 4,000. ஒவ்வொரு படியிலும் "இதற்கு மேல் ஏறாது" என்று கரடிகள் விற்றார்கள். எதிர்ப்பக்கம் வாங்கிக்கொண்டே இருந்தது. அத்தனை பணம் எங்கிருந்து வந்தது?

எங்கள் இடத்திலிருந்துதான். அப்போது வங்கிகள் டெபாசிட்டில் 38.5 சதவீதம் வரை அரசுப் பத்திரங்களிலும் அது போன்றவற்றிலும் வைக்க வேண்டும். பணம் தட்டுப்பட்ட வங்கி பத்திரத்தை விற்று, சில நாளில் திரும்ப வாங்கிக்கொள்ளும். இடையில் தரகர். கையில் பத்திரம் மாறாது. 'பத்திரம் என்னிடம் இருக்கிறது, பிறகு தருகிறேன்' என்கிற வங்கி ரசீதுதான் மாறும். பாங்க் ஆஃப் கராட், மெட்ரோபாலிட்டன் கூட்டுறவு வங்கி என்ற இரண்டு சின்ன வங்கிகள் பத்திரமே இல்லாமல் ரசீது எழுதிக் கொடுத்தன. வங்கிக்குப் போக வேண்டிய காசோலை தரகர் கணக்கில் வரவானது. ரிசர்வ் வங்கியிலோ பத்திரக் கணக்கைக் கையால் பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். யார் சரிபார்ப்பது?

கரடிகள் டெபாசிட்தாரர்களின் பணத்தை எதிர்த்து நின்றார்கள். ஏசிசியின் பேலன்ஸ் ஷீட்டை எத்தனை முறை புரட்டினாலும் இந்த விஷயம் அதில் கிடைத்திருக்காது.

1992 ஏப்ரல் 22-இல் சென்செக்ஸ் 4,467. மறுநாள் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் சுசேதா தலாலின் செய்தி: ஸ்டேட் பாங்கில் 500 கோடி ரூபாய்க் கணக்கு இடிக்கிறது! ஏப்ரல் 28-இல் சந்தை ஒரே நாளில் 12 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் குழு, வங்கிகளின் பணத்தில் 4,024 கோடி ரூபாய்க்கு ஓட்டை என்று கணக்கிட்டது. ஒரு வருடத்துக்குள் சென்செக்ஸ் பாதிக்கும் கீழே போனது.

கரடிகள் தப்பினார்கள். நாம் மளிகை வாங்கப் போகிற டிமார்ட்டை பின்னாளில் தொடங்கிய ராதாகிஷன் தமானி அப்போது விற்றவர்கள் பக்கம் நின்றவர். இன்னும் சில வாரம் அந்தச் செய்தி தாமதமாகியிருந்தால் எத்தனை பேர் தாக்குப் பிடித்திருப்பார்கள் என்பது சந்தேகமே. தத்துவத்தை நம்பி உச்சத்தில் வாங்கிய சாமானியர்களுக்கோ தப்ப வழியே இல்லை.

பத்லா 2001 ஜூலையில் ஒழிந்தது. அதே ஆண்டு நவம்பரில் தனிப் பங்குகளுக்கு ஃப்யூச்சர்ஸ் வந்தது. இப்போது ஷார்ட் பெரும்பாலும் அந்த வழியில்தான். அதிலும் தினம் மார்ஜின் கட்ட வேண்டும், மாதக் கடைசியில் பங்கைக் கொடுக்க வேண்டும் அல்லது கணக்கை முடிக்க வேண்டும். தவணை முறை மாறியிருக்கிறது, நெருக்கடி அதேதான்.

அதனால் ஷார்ட் போடலாமா என்று கேட்கிறவரிடம் நான் திருப்பிக் கேட்பது மூன்று. ஒன்று, இது விலை அதிகம் என்பதற்கு உங்கள் கணக்கு என்ன? இரண்டு, இந்த விலைக்கும் வாங்குகிறவர் யார், யார் பணத்தில் வாங்குகிறார்? மூன்று, விலை இன்னும் இரண்டு மடங்கானால் எத்தனை நாள் மார்ஜின் கட்ட முடியும்? முதல் கேள்விக்குப் பதில் எல்லோரிடமும் இருக்கிறது. மூன்றாவதற்கு ஊரில் வீடு கட்டச் சேர்த்த பணமும் பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸும்தான் பதில் என்றால், அந்த ஷார்ட் வேண்டாம் என்பேன்.