மன்னார்க் கடலுக்குள் வராத கப்பல்கள்

தலைமன்னார் முனையிலிருந்து தனுஷ்கோடி வரை சுமார் 30 கிலோமீற்றர் தூரத்துக்கு மணல் திடல்கள் வரிசையாகக் கிடக்கின்றன. ஆதாம் பாலம் என்றும் இராமர் அணை என்றும் அவரவர் நம்பிக்கைக்கேற்ப அழைக்கப்படும் இத்திடல்களைச் சூழ்ந்த கடல், பல இடங்களில் ஓராள் ஆழங்கூட இல்லாதது. விமானந்தாங்கிக் கப்பலொன்று மிதப்பதற்கு 7 அல்லது 8 மீற்றர் ஆழமேனும் வேண்டும். எனவே எந்த நாட்டின் விமானந்தாங்கியும் இவ்வழியால் சென்றதில்லை. ஆனாலும் இலங்கையைச் சுற்றி அத்தகைய கப்பல்கள் நடத்திய போரின் விளைவுகள் மன்னார்க் கரையை வந்து தொடாமல் விடவில்லை.

விமானந்தாங்கியை நகரும் விமான நிலையம் என்பார்கள். இது பாதி உண்மைதான். அதன் ஓடுபாதை மிகக் குறுகியது. அக்காலத்தில் விமானம் மேலெழ வேண்டுமானால், கப்பல் காற்றுக்கு எதிர்முகமாகத் திரும்பி விரைவாக ஓடவேண்டும். காற்றின் வேகமும் கப்பலின் வேகமும் சேர்ந்தே விமானத்தைத் தூக்கிவிடும். இறங்கும்போது விமானத்தின் வாற்புறக் கொக்கி, மேற்தளத்தின் குறுக்கே இழுத்துக் கட்டிய உருக்கு வடமொன்றைப் பற்றிக்கொள்ள வேண்டும். இரு கைகளிலும் மட்டைகளை ஏந்திய அதிகாரியொருவர் தளத்தின் ஓரத்தில் நின்று, உயரம் கூட, குறைய என்று விமானிக்குச் சைகை காட்டுவார். கடலில் விழுபவரைத் தூக்கியெடுக்கப் பின்னால் வேறொரு கப்பல் வரும்.

இதனால் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் விமானந்தாங்கி போருக்கு உதவாது. ஆகையால் துறைமுகத்தை நெருங்குமுன்பே விமானங்களைக் கரையிலுள்ள தளத்துக்கு அனுப்பிவிடுவது வழக்கம். ‘ஹேர்மிஸ்’ கப்பலின் கதையை விளங்கிக்கொள்ள இந்த வழக்கத்தை அறிந்திருக்க வேண்டும்.

1942 ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானின் ஐந்து விமானந்தாங்கிகளிலிருந்து புறப்பட்ட விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்த தாக்குதல் திருகோணமலை மீதே என்று அறிந்த பிரித்தானியக் கடற்படை, 8ஆந் திகதி இரவு ஹேர்மிஸை அத்துறைமுகத்திலிருந்து வெளியேற்றியது. தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாக வடிவமைக்கப்பட்ட முதற் கப்பல் என்று அதற்குப் பெயர். அன்றிரவோ அதில் ஒரு விமானந்தானும் இருக்கவில்லை. அவை சீனன்குடாவில், கரையில் நின்றன. மறுநாட் காலை மட்டக்களப்புக்கு அப்பால் சுமார் எண்பது குண்டுவீச்சு விமானங்கள் அதன்மீது பாய்ந்தன. இரத்மலானையிலிருந்து உதவிக்கு வந்த போர் விமானங்கள் காலந்தாழ்த்தியே வந்தன. ஏறத்தாழ இருபது நிமிடங்களில் கப்பல் மூழ்கிவிட்டது. 300க்கு மேற்பட்டோர் இறந்தனர். ‘வீற்றா’ என்னும் வைத்தியசாலைக் கப்பல் சுமார் 600 பேரைக் காப்பாற்றியது.

ஹேர்மிஸைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதன் சிதைவைக் காண இன்றும் சுழியோடிகள் வருகிறார்கள். அதே வாரத்தில் தொடங்கிய இன்னொரு பயணத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

கொழும்பில் குண்டு விழுந்ததும் நகரம் கலைந்தது. துறைமுகத் தொழிலாளர், கடைச் சிப்பந்திகள், சிறு வியாபாரிகள் என இந்திய வம்சாவளியினர் பலர் ஊருக்குப் போய்விடுவதே பாதுகாப்பு என்று எண்ணினர். அதற்குரிய வழி, மதவாச்சி, முருங்கன், மன்னார், பேசாலை ஊடாகத் தலைமன்னார் இறங்குதுறைக்குச் செல்லும் புகைவண்டியும், அங்கிருந்து 1914 முதல் தனுஷ்கோடிக்கு ஓடிய கப்பலுமே. அக்கரையிலும் அமைதி இருக்கவில்லை. ஏப்ரல் 6ஆந் திகதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. அந்த மாதத்தில் சென்னையும் பாதி வெறிச்சோடியது. அங்குள்ள மிருகக்காட்சிச்சாலையின் கொடிய விலங்குகள், குண்டு விழுந்தால் வெளியேறிவிடும் என்ற அச்சத்தினால் சுட்டுக்கொல்லப்பட்டன.

போவது எளிதாக இருந்தது. திரும்பி வருவது அப்படியல்ல. உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை 1939இலேயே இந்திய அரசு தடைசெய்திருந்தது. திரும்பி வந்தவர்களையும் வேறொரு சிக்கல் காத்திருந்தது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன்பு மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வசித்திருக்க வேண்டும் என்று விதித்தது. பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் நாட்டில் இல்லாதிருந்தால் அத்தொடர்ச்சி அறுந்துவிடும். குண்டுக்கு அஞ்சி 1942இல் தலைமன்னாரில் கப்பலேறி ஓராண்டுக்கு மேல் ஊரில் தங்கிவிட்டவர், அந்த அச்சத்துக்குத் தம் பிரசாவுரிமையையே விலையாகக் கொடுக்க நேரலாம். எத்தனை விண்ணப்பங்கள் இக்காரணத்தால் வீழ்ந்தன என்பதை யாரேனும் ஆராய வேண்டும். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்த பின்னர், பிரசாவுரிமை கிடையாதவர்களை இந்தியாவுக்கு அனுப்பியதும் இதே இறங்குதுறை வழியாகத்தான்.

ஹேர்மிஸ் மூழ்கியபின் பிரித்தானியாவின் கீழைக் கடற்படை கென்யாவின் கிளிண்டினிக்குப் பின்வாங்கி, 1944 தொடக்கத்தில் மீண்டும் திருகோணமலைக்கு வந்தது. அதற்கிடையில் மன்னாருக்குத் தெற்கே அதே கரையோரத்தில், உப்பளங்களும் தென்னந்தோப்புக்களும் சூழ்ந்த புத்தளத்தில், கடற்படை விமானத் தளமொன்று 1943இல் உருவானது. கரையிலுள்ள தளத்துக்கும் கப்பற் பெயர் சூட்டுவது பிரித்தானிய மரபு. இதற்கு வைத்த பெயர் ‘ராஜாலியா’. சிங்களத்தில் கழுகு என்று பொருள். விமானந்தாங்கிகளின் கோர்செயர் விமானங்கள் இங்கே வந்து தங்கின. பிரித்தானியக் கப்பல்களின் உட்கூடம் தாழ்வானது. அதனுள் மடித்து நிறுத்துவதற்காக அவற்றின் இறக்கை நுனிகளில் எட்டு அங்குலம் வெட்டப்பட்டிருந்தது. புத்தளத்தில் இந்த அமெரிக்க இயந்திரங்களை யானைகளைக் கொண்டு இழுத்துச் செல்லும் புகைப்படங்கள் இன்றும் உள்ளன.

1971இல் மன்னார்த் திடல்கள் வேறொரு வகையில் வரலாற்றுக்குள் வந்தன. இந்தியாவின் ‘விக்ராந்த்’ மேற்குக் கரையிலிருந்து வங்காள விரிகுடாவுக்குச் செல்ல இலங்கையைச் சுற்றியே போக வேண்டியிருந்தது. அதன் நான்கு கொதிகலன்களில் ஒன்று வெடிப்புற்றிருந்ததால் வேகமும் குறைந்திருந்தது. காற்றுக்கெதிரே ஓடியே விமானம் ஏற்றவேண்டிய கப்பலுக்கு இது சிறு குறையல்ல. அதைத் தேடிக் கராச்சியிலிருந்து நவம்பரில் புறப்பட்ட பாகிஸ்தானின் ‘காஸி’ நீர்மூழ்கியும் அவ்வாறே தீவைச் சுற்றி வந்தது. டிசம்பர் 3ஆந் திகதி நள்ளிரவையொட்டி, விசாகப்பட்டினத்துக்கு அப்பால் காஸி தொண்ணூறுக்கு மேற்பட்ட மாலுமிகளுடன் மூழ்கியது. விக்ராந்த் அப்போது அந்தமானிலிருந்து புறப்பட்டிருந்தது. 4ஆந் திகதி அதன் ஸீ ஹோக் விமானங்கள் கொக்ஸ் பஸாரைத் தாக்கின.

அதே பெயரைத் தாங்கிய புதிய விக்ராந்த் 2022இல் கொச்சியில் சேவையில் இணைந்தது. 2025 நவம்பரில் இலங்கைக் கடற்படையின் 75ஆவது ஆண்டு நிகழ்வுக்காகக் கொழும்புக்கு வந்திருந்த வேளையில் ‘டித்வா’ புயல் தாக்கியது. மன்னாரும் வெள்ளத்தில் மூழ்கியது. கப்பலிலிருந்த சேத்தக் ஹெலிகொப்டர்கள் நாட்டின் மீட்புப் பணிகளில் சேர்ந்துகொண்டன.