கைப்பேசியில் தமிழ் ஏறிய வரலாறு

ஒரு மொழி நூல்களில் மட்டும் வாழ்வது போதாது. மக்கள் நாள்தோறும் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பும் கருவிகளிலும் அது வாழ வேண்டும். ஓலையிலும் தாளிலும் வாழ்ந்த தமிழ், மின்கருவிகளில் ஏறிய வரலாற்றில் மலேசியத் தமிழர்க்குச் சிறப்பானதோர் இடமுண்டு. கிடைத்த சிற்றிடத்துக்குள் தமிழை அடக்கிக் காட்டிய வரலாறு அது.

இதன் தொடக்கத்தைத் தட்டச்சுப் பொறியில் காணலாம். 1886இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து 1907இல் மலாயாவுக்கு வந்தவர் ஆர். முத்தையா. 247 எழுத்துகளை ஆங்கிலப் பொறியின் சில விசைகளுக்குள் அடக்குவது எவ்வாறு என்பதே அவர்முன் நின்ற வினா. எழுத்துக்கு ஒரு விசை என எண்ணியிருப்பின் பொறியே பிறந்திராது. அவர் எழுத்துகளைக் கூறுகளாகப் பிரித்தார். சில விசைகளை அழுத்தும்போது தாள் நகராதவாறு அமைத்து, ஓரிடத்திலேயே இரு குறிகள் பொருந்தச் செய்தார். இச்சிக்கனம் கணினிக் காலத்திலும் தேவைப்பட்டது.

சிலாங்கூர் மாநிலத்தின் கேரித் தீவில் பிறந்தவர் முத்து நெடுமாறன். கவிஞர் முரசு நெடுமாறனின் மைந்தர். அவர் 1985இல் தொடங்கிய ‘முரசு’ மென்பொருள், மின்னஞ்சல் பரவிய 1990களில் ‘முரசு அஞ்சல்’ என வளர்ந்தது. ஆங்கில விசைகளை ஒலிப்பு முறையில் அழுத்தினாலே தமிழ் தோன்றும் வழியை அது தந்தது. ஆயினும் அன்று எழுத்துருதோறும் குறியீடு வேறுபட்டது. ஒருவர் எழுதியது மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. 1991இல் வெளிவந்த யூனிகோடு தமிழுக்கும் இடமளித்தது. எனினும் அது எங்கும் நிலைபெறப் பல்லாண்டுகள் ஆயின. 2001இல் கோலாலம்பூரில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடு உள்ளிட்ட கூட்டங்களில் இத்தகைய சிக்கல்கள் ஆராயப்பட்டன.

கைப்பேசி வந்தபோது இடம் இன்னும் சுருங்கிற்று. ஒரு குறுஞ்செய்திக்குரிய அளவு 1120 பிட். ஆங்கில எழுத்தொன்றுக்கு 7 பிட் போதுமாதலால் 160 எழுத்துகள் அடங்கும். யூனிகோடு தமிழுக்கு 16 பிட் வேண்டுமாதலால் 70 குறிகளே அடங்கும். அதிலும் ‘வணக்கம்’ என்பது நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து. புள்ளிகளையும் தனியே எண்ணும் கருவிக்கோ அது ஏழு குறிகள். போதாக்குறைக்கு, அக்காலக் கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துருவே இல்லை.

இந்நிலையில்தான் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. சிறு நினைவகமும் எண் விசைகளும் மட்டுமே கொண்ட கைப்பேசியில் தமிழில் எழுதவும் படிக்கவும் அது வழிசெய்தது. பின்னர் அது ஐபோனிலும் ஆண்டிராய்டிலும் இடம்பெற்றது. பெருங்கருவி வரட்டும் எனக் காத்திராமல், கையிலிருந்த சிறுகருவியின் எல்லையை அறிந்து அதற்கேற்பச் செயல்பட்டமையே இவ்வெற்றியின் அடிப்படை.

இவ்வரலாறு ஆசிரியர்க்கு உணர்த்துவது யாது? உரோமன் எழுத்தில் தமிழ்ச் செய்தி எழுதும் பழக்கத்துக்கு ஒரு காலத்தில் தக்க காரணம் இருந்தது. இடமும் இல்லை, எழுத்துருவும் இல்லை. இன்று கைப்பேசிகளில் தமிழ் விசைப்பலகை உண்டு. காரணம் மறைந்தது, பழக்கம் மறையவில்லை. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் தமிழ் பேசும் இளைஞர் பலர் இன்றும் அவ்வாறே எழுதுகின்றனர். அவ்வெழுத்தில் ‘பள்ளி’யும் ‘பல்லி’யும் ஒன்றாகிவிடும், வலி, வழி, வளி என்னும் மூன்றன் வேறுபாடும் மங்கிவிடும். வகுப்பறையில் லகர ழகர ளகரத்தை எத்துணை முயன்று கற்பிப்பினும், மாணவன் நாள்தோறும் எழுதும் இடத்தில் அவை இல்லையெனில் அவன் கைக்கு அவை எங்ஙனம் பழகும்?

ஆதலின், கட்டுரை ஏட்டோடு குறுஞ்செய்தியையும் பயிற்சிக்களமாகக் கொள்வோம். வாரம் ஒரு செய்தியேனும் தமிழெழுத்தில் எழுதி ஆசிரியர்க்கு அனுப்புமாறு மாணவரைப் பணிக்கலாம். முன்னோர் அரிதின் முயன்று கருவியில் ஏற்றிய எழுத்தை, விரல் நுனியில் வைத்துக்கொண்டே மறப்பது முறையாகாது.