கோட்டை யாரைக் காத்தது?

கோட்டை என்றால் அடைக்கலம் என்பதே பொதுவான எண்ணம். பகைவன் படையெடுத்து வந்தால் மன்னன் மட்டுமன்றி மக்களும் அங்கேதான் ஓடுவார்கள். பிரான்சின் நார்மண்டியில், சேன் ஆற்றோரக் குன்றின் மீது நிற்கும் கயார் கோட்டையின் வரலாறு அந்த நம்பிக்கையை உலுக்கிவிடுகிறது.

அன்று நார்மண்டி இங்கிலாந்து மன்னரின் ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப் அதைக் கைப்பற்றத் துடித்தார். அவரைத் தடுக்க, 1196இல் முதலாம் ரிச்சர்ட் இக்கோட்டையைக் கட்டத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் பெரும்பணி முடிந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மதில் சூழ்ந்த பகுதிகள். இடையே பாறையில் வெட்டிய அகழிகள். உள்மதில் அலையலையாக வளைந்திருக்கும். எறியப்படும் கற்கள் அதில் பட்டுச் சறுக்கிவிடும். மதிலடியில் பகைவன் மறைந்து நிற்கவும் முடியாது.

1199இல் ரிச்சர்ட் இறந்தார். தம்பி ஜான் அரியணை ஏறினார். 1203இல் பிலிப்பின் படை கோட்டையை முற்றுகையிட்டது. குன்றின் அடிவாரத்து ஊர்மக்கள் உயிருக்குப் பயந்து கோட்டைக்குள் புகுந்தனர். தளபதி ரோஜர் டி லேசி உணவுக் கையிருப்பைக் கணக்கிட்டார். போரிட இயலாதவர்களை வெளியேற்ற முடிவு செய்தார்.

முதலில் சென்ற இரு கூட்டத்தாரைப் பிரெஞ்சுப் படை போகவிட்டது. அடுத்து வந்தவர்களைத் தடுத்தது. திரும்பி ஓடியவர்களுக்குக் கோட்டைக் கதவும் திறக்கவில்லை. மதிலுக்கும் முற்றுகைக்கும் நடுவே, குளிர்காலத்தில், கூரையின்றி உணவின்றி அவர்கள் தவித்தனர். பிலிப் மனமிரங்கி வழிவிட்டபோது பலர் மாண்டிருந்தனர்.

அப்படிச் சேமித்த உணவாவது கோட்டையைக் காத்ததா? இல்லை. வெளிமதிலின் அடியில் பிரெஞ்சுப் படையினர் சுரங்கம் தோண்டிச் சரித்தார்கள். நடுப்பகுதியில், ஜான் பின்னாளில் கட்டிய கட்டடத்தின் சன்னல் வழியாகச் சில வீரர்கள் நுழைந்தார்கள். உள்மதிலும் உடைந்தது. 1204 மார்ச் 6ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. அதே ஆண்டில் தலைநகர் ரூவானும் பிலிப்பிடம் சரணடைந்தது.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் நான்காம் ஹென்றி மன்னர் கோட்டையை இடிக்க ஆணையிட்டார். எஞ்சிய சுவர்களைக் காண இன்று பயணிகள் குன்றேறுகிறார்கள். வளைந்த மதிலின் நுட்பம் அவர்களை வியக்க வைக்கிறது. அந்த மதிலுக்கு வெளியே இருக்கும் சரிவையும் அவர்கள் ஒரு கணம் பார்க்க வேண்டும். இரு மன்னர்களின் போரில் எந்தப் பக்கமும் ஏற்காத மக்கள் கிடந்த இடம் அது.