ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டா, நைட்டா? வீட்டுக்கும் டீமுக்கும் ஒரே காலண்டர்: எந்த ஆப் சரிவரும்?

"அம்மாவுக்கு புதன்கிழமை காலையில ஸ்கேன். கூட யார் போறது?"

மறைமலை நகர் பக்கம் ஒரு வீட்டில் இந்தக் கேள்வி வந்தால், பதிலுக்கு முன்னால் இன்னொரு கேள்வி வரும். "அண்ணனுக்கு இந்த வாரம் என்ன ஷிஃப்ட்?" அண்ணன் நைட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். எழுப்பிக் கேட்க மனசு வராது. ஷிஃப்ட் ரோஸ்டர் அவர் போனில், கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில், நானூறு மெசேஜுக்கு மேலே எங்கேயோ ஒரு போட்டோவாகக் கிடக்கும்.

ஜிஎஸ்டி சாலையில் மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் தொடங்கி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கார், லாரி, பைக், செல்போன் ஆலைகள், அவற்றுக்கு உதிரி பாகம் செய்து தரும் நூற்றுக்கணக்கான சின்ன யூனிட்கள். இந்தப் பகுதியில் கணவருக்கு ஒரு ஷிஃப்ட், மனைவிக்கு ஒரு ஷிஃப்ட், பிள்ளைக்கு ஸ்கூல் என்று மூன்று கடிகாரம் ஓடும் வீடுகள் சர்வசாதாரணம். எல்லோரும் ஒரே இடத்தில் பார்க்கிற மாதிரி ஒரு காலண்டர் இருந்தால் பாதி குழப்பம் தீரும். அதற்கு ஆப்கள் நிறைய இருக்கின்றன. எதை எடுப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

வாட்ஸ்அப் குரூப் போதாதா?

தகவல் சொல்ல வாட்ஸ்அப் போதும். தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ள அது போதாது. போன வார ரோஸ்டரும் இந்த வார ரோஸ்டரும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு போட்டோக்கள். பழையதைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றவர்கள் எல்லா லைனிலும் ஒருவராவது இருப்பார்கள். மெசேஜை பின் பண்ணி வைக்கலாம்தான், ஆனால் 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று மூன்றே வாய்ப்பு. குரூப்பில் 'ஈவென்ட்' உருவாக்கும் வசதியும் வந்துவிட்டது. காதுகுத்து, கல்யாணம், யூனியன் மீட்டிங் போல ஒருமுறை நடக்கும் விஷயத்துக்கு அது நல்லா உதவும். வாரா வாரம் சுழலும் ஷிஃப்ட்டுக்கு உதவாது.

ஆப் பெயரைப் பார்க்கும் முன்...

மூன்று விஷயம் பார்த்துவிட்டால் போதும். வீட்டில் எல்லோர் கையிலும் ஆண்ட்ராய்டா, இல்லை யாராவது ஐபோன் வைத்திருக்கிறார்களா? மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் ஷிஃப்ட்டை அந்த ஆப் தானாகவே நிரப்புமா? யார் மாற்றலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்று பிரித்துக் கொடுக்க முடியுமா? கலர், ஸ்டிக்கர், தீம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்தப் பகுதிக்கு மட்டுமே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. பல ஆலைகளில் லைனுக்குள் போன் கொண்டுபோக முடியாது. லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் மதியம் 12 மணிக்கு "பிள்ளையைக் கூட்டிட்டு வா" என்று அடிக்கும் ரிமைண்டர், ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டில் இருப்பவருக்கு 2 மணிக்கு மேல்தான் தெரியும். ஷிஃப்ட் காலண்டரை அதிகம் பயன்படுத்தப் போவது ஷிஃப்ட் போகிறவர் அல்ல, வீட்டில் இருப்பவர். அவர்களுக்குப் புரிகிற மாதிரி போடுவதுதான் முக்கியம். அவசரத் தகவலுக்கு எந்த ஆப்பையும் நம்பாமல், சூப்பர்வைசர் நம்பரையோ கம்பெனி செக்யூரிட்டி நம்பரையோ வீட்டில் எழுதி வைத்துவிடுவது நல்லது.

'திங்கள் நைட்' என்றால் எந்த நைட்?

குழப்பத்தில் பெரிய குழப்பம் இதுதான். இரவு 10 மணிக்குத் தொடங்கி காலை 6 மணிக்கு முடியும் நைட் ஷிஃப்ட்டை எடுத்துக்கொள்வோம் (ஆலைக்கு ஆலை நேரம் மாறும்). திங்கள் இரவு உள்ளே போனால் செவ்வாய் காலை வெளியே வருவார். இதைச் சிலர் 'திங்கள் நைட்' என்பார்கள். சில இடங்களில், அதிக நேரம் செவ்வாயில் வருவதால் செவ்வாய்க் கணக்கில் எழுதுவார்கள். காலண்டரில் திங்கள் கட்டத்தில் வெறுமனே 'நைட்' என்று போட்டுவிட்டால், வீட்டில் இருப்பவர் திங்கள் பகலில் அவர் தூங்குவார் என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் அவர் தூங்கப்போவது செவ்வாய் பகலில். புதன் ஸ்கேனுக்கு யார் போவது என்ற கணக்கு இங்கேதான் தப்பும்.

இதற்கு ஒரே தீர்வு, 'ஆல் டே' என்று போடாமல் நேரத்தோடு போடுவது. தொடக்கம் திங்கள் இரவு 10, முடிவு செவ்வாய் காலை 6. காலண்டர் ஆப் அதை இரண்டு நாளுக்கும் நீட்டிக் காட்டும். அதோடு 'தூக்கம், காலை 8 முதல் 2 வரை' என்று இன்னொரு பதிவும் போட்டுவிடலாம். சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் கேஸ் சிலிண்டர் வருகிற நேரம், சொந்தக்காரர் போன் பண்ணுகிற நேரம் எல்லாம் இதை வைத்துத்தான் ஒழுங்காகும்.

கம்பெனி பஸ்ஸுக்கு ரிமைண்டர் வைப்பவர்கள், ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தைப் போடாமல் பிக்கப் பாயிண்டில் பஸ் வரும் நேரத்தைப் போட வேண்டும். ஒரகடத்தில் 6 மணி ஷிஃப்ட் என்றால் மறைமலை நகரில் பஸ் 5 மணி வாக்கிலேயே வந்துவிடலாம்.

மூன்றே பதிவில் வருஷம் முழுக்க ஷிஃப்ட்

கூகுள் காலண்டரில் இதைச் செய்வது சுலபம். முதல் வாரம் ஃபர்ஸ்ட், இரண்டாவது வாரம் செகண்ட், மூன்றாவது வாரம் நைட் என்று சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். திங்கள்கிழமையில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்கு ஒரு பதிவு போடுங்கள். கீழே 'ரிப்பீட்' என்ற இடத்தில் 'கஸ்டம்' தேர்ந்தெடுத்து, 3 வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்து, திங்கள் முதல் சனி வரை டிக் செய்யுங்கள். அடுத்த வாரத்துக்குப் போய் செகண்ட் ஷிஃப்ட்டுக்கு இதே மாதிரி. அதற்கடுத்த வாரம் நைட்டுக்கு. அவ்வளவுதான், சுழற்சி தானாக ஓடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் கொடுத்துவிட்டால் படிக்கத் தெரியாத பாட்டிகூட 'இது நைட்டு' என்று கண்டுபிடித்துவிடுவார்.

வாரம் என்ற கணக்கே இல்லாமல் ஆறு நாள் வேலை, இரண்டு நாள் லீவு என்று ஓடும் இடங்களில் 'வாரம்' என்பதற்குப் பதிலாக 'நாள்' என்று வைத்து, 8 நாளுக்கு ஒருமுறை என்று கொடுக்கலாம். இதில் வேலை நாள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு போட வேண்டும், கொஞ்சம் கைவேலை ஜாஸ்தி.

வீக்லி ஆஃப் மாற்றிக்கொண்டால்? அந்த நாளைத் திருத்தும்போது 'இந்தப் பதிவு மட்டும்', 'இதுவும் இனி வருபவையும்', 'எல்லாமும்' என்று மூன்று கேள்வி வரும். முதலாவதை அழுத்த வேண்டும். அவசரத்தில் மூன்றாவதை அழுத்தி வருஷம் முழுக்க இருந்த ஷிஃப்ட்டை அழித்தால் பதற வேண்டாம். கம்ப்யூட்டர் பிரவுசரில் கூகுள் காலண்டரைத் திறந்து 'ட்ராஷ்' பார்த்தால், அழித்தவை சுமார் 30 நாள் வரை அங்கே இருக்கும்.

எந்த வீட்டுக்கு எந்த ஆப்?

ஆண்ட்ராய்டும் ஐபோனும் கலந்திருக்கும் வீடு என்றால் கூகுள் காலண்டரே போதும். 2006-ல் வந்தது. ஜிமெயில் கணக்கு இருந்தால் இலவசம், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் கணக்கும் ஏற்கெனவே இருக்கும். கூகுளில் ஃபேமிலி குரூப் உருவாக்கினால் அதற்கென்று ஒரு குடும்பக் காலண்டர் தானாகவே வந்துவிடும். அதிகபட்சம் 6 பேர். கூட்டுக் குடும்பம், பேச்சிலர் ரூம் என்றால் 6 பத்தாது. அப்போது தனியாக ஒரு காலண்டர் உருவாக்கி ஒவ்வொருவர் மெயிலுக்கும் பகிரலாம். இந்தப் பகிரும் வேலையைப் போனில் தேடிக்கொண்டிருக்காமல் கம்ப்யூட்டர் பிரவுசரில் ஒருமுறை செய்துவிடுவது நேரம் மிச்சம்.

குடும்பக் காலண்டரில் ஒரு எச்சரிக்கை: குரூப்பில் இருக்கும் எல்லோருமே எதையும் மாற்றலாம், அழிக்கலாம். போனை எடுத்து விளையாடும் ஏழு வயசுப் பிள்ளையும் இதில் சேர்த்தி.

எல்லோரிடமும் ஐபோன்தான் என்றால் ஆப்பிளின் ஃபேமிலி ஷேரிங்கில் வரும் காலண்டர் சுலபம். அதிலும் 6 பேர்தான். ஆனால் ஒரே ஒருவர் ஆண்ட்ராய்டு வைத்திருந்தாலும் சிக்கல். ஆப்பிள் காலண்டருக்கு ஆண்ட்ராய்டில் ஆப் கிடையாது. ஐபோனில் கூகுள் கணக்கைச் சேர்த்துப் பார்ப்பது எளிது, மறுபக்கம் அப்படி இல்லை.

டைம்ட்ரீ என்பது ஜப்பான் ஆப். 2015-ல் வந்தது. பகிர்வதற்கென்றே செய்யப்பட்டது, ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும் பேசிக்கொள்ளலாம். "இன்னைக்கு ஓ.டி. போட்டுட்டாங்க, 4 மணி நேரம் லேட்டாகும்" என்று அந்த நாளுக்குக் கீழேயே எழுதிவிடலாம், வாட்ஸ்அப்பில் தேட வேண்டாம். இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும். கோஸி என்ற அமெரிக்க ஆப்பையும் சிலர் சொல்வார்கள். 2024-லிருந்து அதன் இலவசக் கணக்கில் அடுத்த 30 நாள் வரைதான் பார்க்க முடியும். மார்ச்சில் வரும் பப்ளிக் எக்ஸாமுக்கு டிசம்பரிலேயே லீவு திட்டமிடும் வீட்டுக்கு அது ஒத்துவராது.

எந்த ஆப்பாக இருந்தாலும் பகிர்ந்த காலண்டரின் நோட்டிஃபிகேஷனை அவரவர் போனில் அவரவர்தான் ஆன் செய்ய வேண்டும். 'நான்தான் போட்டேனே, உனக்கு வரலையா' என்ற சண்டைக்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி, பேட்டரி சேவர் போட்டு வைத்த போன்.

லீவு நாள் பட்டியலை நம்பலாமா?

ஆப்பில் தானாக வரும் 'இந்திய விடுமுறைகள்' பட்டியல் ஆலைக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களின் விடுமுறைக்கு 1958-ம் ஆண்டிலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு பண்டிகை நாட்கள் ஐந்து. அந்த ஐந்து எவை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒட்டும் பட்டியலைப் பார்த்துக் கையால் போட்டுவிடுவதே சரி. லீவுக்கு ஈடாக ஞாயிறு வேலை வைத்தால் அதையும் சேர்த்து.

வேலை டீமுக்கு என்ன செய்யலாம்?

பதினைந்து இருபது பேர் வேலை பார்க்கும் ஒரு யூனிட்டில் எல்லோருக்கும் எடிட் உரிமை கொடுத்தால் இரண்டே வாரத்தில் காலண்டர் நாசம். கூகுளில் நான்கு படி இருக்கிறது: பிஸியா ஃப்ரீயா என்று மட்டும் பார்ப்பது, விவரம் முழுக்கப் பார்ப்பது, மாற்றுவது, மாற்றுவதோடு மற்றவர்களுக்கும் பகிர்வது. சூப்பர்வைசருக்கும் அவருக்கு மாற்றாக இருப்பவருக்கும் மாற்றும் உரிமை, மற்றவர்களுக்குப் பார்க்கும் உரிமை. இது போதும்.

ஹெச்.ஆர். பையன் தன் சொந்த ஜிமெயிலில் காலண்டர் தொடங்குவதுதான் பல இடங்களில் நடக்கும் தவறு. அவர் வேலையை விட்டுப் போய் அந்தக் கணக்கும் நீக்கப்பட்டால் எல்லோருடைய ஷிஃப்ட்டும் சேர்ந்து போய்விடும். நிறுவனத்தின் பெயரில் ஒரு பொதுக் கணக்கு தொடங்கி அதில் உருவாக்குவதே பாதுகாப்பு.

மைக்ரோசாஃப்ட் 365 வாங்கியிருக்கும் நிறுவனம் என்றால் டீம்ஸ் ஆப்புக்குள் 'ஷிஃப்ட்ஸ்' என்று தனிப் பகுதியே இருக்கிறது. ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளக் கேட்பது, லீவு கேட்பது, மேலாளர் ஓகே சொல்வது எல்லாம் அதிலேயே பதிவாகும். "நான் சொன்னேன், நீங்க மறந்துட்டீங்க" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

ஆனால் ஆப்பில் போட்டாச்சு என்பதற்காக நோட்டீஸ் போர்டைக் கழற்றிவிடக் கூடாது. எந்த நாளில் எந்த நேரம் வேலை என்பதை ஆலையில் எழுதி ஒட்ட வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 61-வது பிரிவே சொன்னது. சம்பளத்திலோ ஓ.டி. கணக்கிலோ தகராறு வந்தால், தொழிலாளி தன் பக்கத்துக்கு அந்த போர்டை போட்டோ எடுத்து வைத்திருப்பது உதவும்.

யார் பார்க்கிறார்கள் என்பதைப் பாருங்கள்

வீட்டுக் காலண்டரையும் வேலைக் காலண்டரையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். டாக்டரிடம் போகும் நாள், கடன் தவணை நாள் எல்லாம் லைன் லீடருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. அவருக்கு 'பிஸி' என்று மட்டும் தெரிந்தால் போதும். அதே மாதிரி உற்பத்தி எண்ணிக்கை, கஸ்டமர் பெயர் போன்றவற்றைச் சொந்தக் காலண்டரில் எழுதி வைத்தால் வேலைக்கே பிரச்சினை ஆகலாம்.

காலண்டரை 'பப்ளிக்' ஆக்கும் பட்டனைத் தொடவே வேண்டாம். கணவன் நைட், மனைவி ஃபர்ஸ்ட் என்று வீடு பூட்டிக்கிடக்கும் நேரத்தை ஊருக்கே சொல்வது போல ஆகிவிடும். தெரியாத ஆட்கள் அனுப்பும் 'பரிசு விழுந்திருக்கிறது' அழைப்புகள் காலண்டருக்குள் வந்தால், செட்டிங்ஸில் தெரிந்தவர்கள் அனுப்புவதை மட்டும் சேர்க்கும்படி மாற்றிவிடலாம்.

சுவர் காலண்டர் என்ன ஆவது?

அது இருக்கட்டும். ராகு காலம், நல்ல நேரம், அமாவாசைக்கு சிவகாசி தினசரி காலண்டரைக் கிழிக்கும் வீட்டில் அதை யாரும் இறக்கப் போவதில்லை. ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இன்னொரு வேலையும் செய்யலாம். கூகுள் காலண்டரைக் கம்ப்யூட்டரில் மாதக் கணக்கில் திறந்து 'பிரிண்ட்' கொடுத்தால் ஒரே தாளில் அந்த மாத ஷிஃப்ட் முழுக்க வந்துவிடும். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடலாம். நடுவில் ஷிஃப்ட் மாறினால், ஆப்பில் மாற்றுகிறவரே அந்தத் தாளிலும் பேனாவால் அடித்து எழுதிவிட வேண்டும்.